கூரையைத் திறக்கும் முன்: கார் கேள்வி – பதில்

கேள்வி: 1990-களைச் சேர்ந்த கன்வர்ட்டிபிள் (கூரை மடங்கும்) ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை இரண்டு நாள் வாடகைக்கு எடுக்க ஆசை. மாஸ்டா எம்எக்ஸ்-5, போர்ஷே பாக்ஸ்டர், மெர்சிடஸ் எஸ்எல்கே, ஹோண்டா எஸ்2000 ஆகியவை கிடைக்கின்றன. முதல்முறை ஓட்டுபவருக்கு எது சரி?

பதில்: எம்எக்ஸ்-5. 1989-இல் வந்த முதல் தலைமுறையின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. கியர் மாற்றுவதும் வளைவில் திரும்புவதும் குறைந்த வேகத்திலேயே ரசிக்கக் கிடைக்கும். எஸ்2000 நேர் எதிர். அதன் 2 லிட்டர் எஞ்சின் 9,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 9,000 சுற்று) வரை சுற்றும். ஆனால் சுமார் 6,000-க்குக் கீழே அது சாதாரண கார்தான். இரண்டு நாளில் அதன் குணம் பிடிபடுவது கஷ்டம், அவசரமாகப் பிடிக்கப் போவது ஆபத்தும்கூட. ஆட்டோமேட்டிக் மட்டுமே பழகியவர்கள் எஸ்எல்கே பக்கம் போகலாம். பாக்ஸ்டரில் எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் இருப்பதால் முன்னும் பின்னுமாக இரண்டு டிக்கி. பெட்டி படுக்கையோடு கூரையைத் திறந்து போகிறவர்களுக்கு இந்த நான்கில் அதுதான் வசதி.

உயரமானவர் என்றால் பணம் கட்டும் முன் கூரையை மூடி ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். எம்எக்ஸ்-5-இல் தலை கூரையில் முட்டும். திறந்தாலும் முன்கண்ணாடியின் மேல் சட்டம் சிலருக்குக் கண்ணுக்கு நேராகவே நிற்கும்.

கேள்வி: வாடகைக் காரைக் கையில் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்? கீறல்களைப் படமெடுத்தால் போதாதா?

பதில்: படம் எடுங்கள், ஆனால் அது உங்கள் டெபாசிட்டைத்தான் காக்கும். வழியில் நிற்காமல் இருக்க வேறு வேலை இருக்கிறது. "நான் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடேறிய எஞ்சின் தன் குறைகளை மறைத்துவிடும். குளிர்ந்த நிலையில் ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள், கூலன்ட் அளவையும் பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்துகொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். பிறகு ஏசியைப் போட்டு, நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிடுங்கள். டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்க வேண்டும், ரேடியேட்டர் ஃபேன் சுழல வேண்டும். பழைய கார்கள் படுத்துவது பெரும்பாலும் நெடுஞ்சாலையில் அல்ல, அதை விட்டு இறங்கி நெரிசலில் நிற்கும்போதுதான்.

அடுத்தது டயர். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். இந்த வகைக் கார்கள் வருடத்தில் கொஞ்சமே ஓடுகின்றன. அதனால் பட்டன் (டயரின் மேல் உள்ள பள்ளங்கள்) ஆழமாக, புதுசு போலவே இருக்கும், ரப்பர் மட்டும் இறுகிப் போயிருக்கும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. ஆறேழு வயதைத் தாண்டிய டயர் ஈரச் சாலையில் பிடிக்காது. பட்டன் எவ்வளவு ஆழம் இருந்தாலும் வேறு கார் கேளுங்கள்.

ஸ்டெப்னி இருக்கிறதா, ஜாக் இருக்கிறதா என்று பார்க்கும்போதே பூட்டு நட்டுக்கான சாவியையும் கேட்டு வாங்குங்கள். அலாய் வீல் திருடு போகாமலிருக்க ஒவ்வொரு வீலிலும் ஒரு நட்டு தனி வடிவில் இருக்கும். அதைக் கழற்றும் அந்தச் சின்னச் சாவி இல்லையென்றால் நல்ல ஸ்டெப்னி இருந்தும் மாட்ட முடியாது.

கடைசியாக, இருக்கைக்குப் பின்னால் உள்ள கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்துங்கள். ஈரமாக இருந்தால், கூரையிலிருந்து வடியும் நீரை வெளியேற்றும் துளைகள் இலை தழையால் அடைத்திருக்கலாம். அப்படிப்பட்ட காரில் துரு கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்திலிருந்து தொடங்கியிருக்கலாம்.

கேள்வி: கூரையை மடிப்பதில் தவறு செய்தால் பெரிய செலவு வரும் என்கிறார்களே?

பதில்: வரும். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5, பிஎம்டபிள்யூ இசட்3, 2002 வரையிலான பாக்ஸ்டர் ஆகியவற்றில் பின் ஜன்னல் கண்ணாடி அல்ல, மெல்லிய பிளாஸ்டிக். வயதானால் அது விறைத்து, மடிப்பு விழும் இடத்தில் பிளந்துவிடும்.

எம்எக்ஸ்-5-இல் வரிசை இதுதான்: காரை நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள், பக்கக் கண்ணாடிகளை இறக்குங்கள். அடுத்து பின் ஜன்னலின் ஜிப்பைத் திறந்து, பிளாஸ்டிக்கைத் தட்டையாகப் படுக்க வையுங்கள். அதன் மேல் ஒரு மென்மையான துணி. அதற்குப் பிறகுதான் முன்சட்டத்தின் இரண்டு கொக்கிகளையும் விடுவித்துக் கூரையைப் பின்னால் தள்ள வேண்டும். மூடும்போது முதலில் கூரை, பிறகு கொக்கி, கடைசியில் ஜிப். கூரை முழுதாக மூடாதபோது ஜிப்பை இழுத்தால் பல் கழன்றுவிடும். குளிர்ந்த காலையில் மடிக்கவே வேண்டாம், காரை வெயிலில் விட்டுப் பிளாஸ்டிக் இளகட்டும். நனைந்த கூரையை மடித்து வைத்தால் பூஞ்சை.

எஸ்எல்கே-யின் தகட்டுக் கூரை பட்டனை அழுத்திப் பிடித்தால் சுமார் 25 விநாடியில் தானே மடியும். ஆனால் டிக்கிக்குள் இருக்கும் தடுப்புத் திரையை இழுத்து மாட்டாவிட்டால் அது அசையாது. "கூரை ரிப்பேர்" என்று வாடகைக்காரருக்கு போன் போடும் முன் இதைப் பாருங்கள். டிக்கி மூடி பின்பக்கமாகத் திறந்து எழும் என்பதால் சுவரை ஒட்டி நிறுத்தாதீர்கள். எஞ்சின் ஓடட்டும், பாதியில் பேட்டரி இறங்கினால் கூரையும் பாதியிலேயே நிற்கும்.

கேள்வி: "ஃபுல் இன்ஷூரன்ஸ்" என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: ஒப்பந்தத்தில் விலக்குப் பட்டியலை மட்டும் தேடிப் படியுங்கள். டயர், கண்ணாடி, துணிக் கூரை, காரின் அடிப்பகுதி, க்ளட்ச் ஆகியவை பல இடங்களில் இன்ஷூரன்ஸுக்குள் வருவதில்லை. இவ்வளவு தாழ்வான காரில் வேகத்தடை அடிப்பகுதியை உரசுவது சகஜம். விபத்து நடந்தால் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பதை ஒரே எண்ணாக எழுதி வாங்குங்கள். கார்டில் நிறுத்தி வைக்கும் டெபாசிட் வேறு, இந்தத் தொகை வேறு. கிரெடிட் கார்டோடு வரும் வாடகைக் கார் காப்பீட்டை நம்புகிறவர்கள் அதன் விதிகளையும் படிக்க வேண்டும். பழைய கார்களையும் ஸ்போர்ட்ஸ் கார்களையும் அவை பெரும்பாலும் ஒதுக்கிவிடும்.

கார் பழுதாகி நின்றால் இழுத்துச் செல்லும் செலவு யாருடையது, ஓட்டாத மணிநேரத்துக்குப் பணம் திரும்புமா என்பதையும் அதே தாளில் கேளுங்கள்.

கேள்வி: இரண்டு பெட்டி உள்ளே போகுமா?

பதில்: எம்எக்ஸ்-5-இன் டிக்கி சுமார் 125 லிட்டர்தான், அதிலும் ஸ்டெப்னி இடம் பிடித்துக்கொள்ளும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி வேண்டாம், மடங்கும் துணிப் பைகளே நல்லது. எஸ்எல்கே-யில் கூரை மேலே இருக்கும்போது 348 லிட்டர், மடித்தால் 145. மூடிய கூரையோடு பெட்டிகளை அடுக்கிவிட்டு வழியில் திறக்க நினைத்தால் நடக்காது.

கேள்வி: திடீரென மழை பிடித்தால்?

பதில்: ஓடும்போது தூறலைக் காற்று தலைக்கு மேலே தள்ளிவிடும், சிக்னலில் நின்றதும் நனைவீர்கள். ஆகவே சாலையோரம் ஒதுங்கி மூடிவிடுங்கள். இந்தக் கார்கள் எல்லாமே பின்சக்கர இயக்கம், ஈரத்தில் பின்பக்கம் வழுக்கலாம். பிரேக்கை வளைவுக்கு முன்பே, நேரான சாலையில் முடித்துவிடுங்கள். வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடவும் கூடாது, மிதிக்கவும் கூடாது. பழைய எம்எக்ஸ்-5 பலவற்றில் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) கிடையாது. சக்கரம் பூட்டிக்கொண்டு கார் வழுக்கினால் பிரேக்கைக் கொஞ்சம் விட்டு, மறுபடி மென்மையாக அழுத்துங்கள்.