டவுன்லோடுக்கு லத்தீனில் எந்த வினை?

கேள்வி: ஐயா, ஆசைக்காக லத்தீன் படித்துக்கொண்டிருக்கிறேன். 'நேற்று அந்தப் படத்தை டவுன்லோட் செய்தேன்' என்று எழுதப் போனால் வினைச்சொல்லிலேயே மாட்டிக்கொள்கிறேன். 'கீழே', 'சுமை' என்று பிரித்து அகராதியில் தேடினால் மூட்டை இறக்குகிற சொல்தான் கிடைக்கிறது. புதிதாக ஒரு வினையை நாமே உண்டாக்கிக்கொள்ளலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஆங்கிலச் சொல்லை ஓரமாக வைத்துவிட்டு, அங்கே என்னதான் நடக்கிறது என்று பாருங்கள். எங்கோ சேர்த்து வைத்திருக்கும் ஒன்றை, நமக்குத் தேவைப்படும்போது வெளியே எடுக்கிறோம், அவ்வளவுதான். இதற்கென்றே ரோமானியர்களிடம் 'தேப்ரோமெரே' இருந்தது. மலையெல்லாம் பனி மூடிக் கிடக்கும் குளிரில், நான்கு வருடப் பழைய ஒயினை ஜாடியிலிருந்து எடுக்கச் சொல்லும்போது கவிஞர் ஹொராஸ் போடும் வினை இதுதான். அவரே ஒரு கவிதைக் கடிதத்தில், பின்னால் எடுத்துக்கொள்வதற்காகச் சேர்த்து அடுக்கி வைக்கிறேன் என்கிறார். அவர் சேர்ப்பது வாழ்க்கைக்கான தத்துவத்தை, ஆனால் சேர்ப்பதற்குக் 'கொந்தெரே', எடுப்பதற்குத் 'தேப்ரோமெரே' என்று நமக்கு வேண்டிய சேவ், டவுன்லோட் இரண்டும் ஒரே வரியில் ஜோடியாக வந்துவிடுகின்றன! ஒரு எச்சரிக்கை: நகரத்தை நிறுவுவதும் பிணத்தைப் புதைப்பதும்கூடக் கொந்தெரேதான், அதனால் எதை, எங்கே என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

டெலீட்டுக்கு அலையவே வேண்டாம். 'தேலேரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்ததுதான் அந்த ஆங்கிலச் சொல்லே. மெழுகுப் பலகையில் எழுதியதை அழிக்க எழுத்தாணியைத் திருப்பி அதன் தட்டை முனையால் தேய்ப்பார்கள், அதனால் 'எழுத்தாணியைத் திருப்பு' என்றாலே அழித்துத் திருத்து என்று அர்த்தம்.

பெயர்ச்சொல்லைப் புதிதாக உண்டாக்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, இணையம் அவர்களிடம் இல்லையே, 'இன்தெர்ரேதே' என்று இன்று எழுதுகிறார்கள், சரி. ஆனால் வினை அப்படியில்லை. பொருள்தான் புதிது, அதை வைத்து நாம் செய்கிற வேலை பெரும்பாலும் பழையதுதான். விமானத்தில் போவதற்குப் பறவையின் வினை எதற்கு? குதிரையிலும் கப்பலிலும் போனதற்கு அவர்கள் சொன்ன 'வெஹி', அதாவது சுமந்து செல்லப்படுவது, இங்கேயும் கச்சிதமாகப் பொருந்தும்.

அப்புறம் உங்கள் வாக்கியம்: 'ஹெரி இல்லம் இமாகினெம் எக்ஸ் இன்தெர்ரேதி தேப்ரோம்ப்ஸி.' தேப்ரோமெரேயின் இறந்தகாலம் ஒழுங்கற்றது, 'ப்ஸி' என்று முடியும், அதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.