சிங்க்குக்குக் கீழே பைப் எல்போவில் தண்ணீர் சொட்டுகிறது, எம்-சீல் போட்டும் நிற்கவில்லை. நானே சரிசெய்ய முடியுமா?

முடியும். ஆனால் எம்-சீலை விட்டுவிடுங்கள். ஒட்டிய ஜாயிண்ட் கசிய ஆரம்பித்துவிட்டால் வெளியே எதைப் பூசினாலும் நிற்காது. தண்ணீர் உள்ளேயிருந்து அழுத்துகிறது. பூச்சுக்கும் பைப்புக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தாலும் வெளியே வந்துவிடும். எல்போவை வெட்டி எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டியதுதான்.

பைப்பின் மேலேயே வகையும் அளவும் அச்சிட்டிருக்கும். சிபிவிசி (வெந்நீரையும் தாங்கும் பிளாஸ்டிக் பைப்) என்றால் சிபிவிசி சொல்யூஷன், அதாவது அதற்கான பசைதான் வாங்க வேண்டும். பிவிசி சொல்யூஷன் ஒட்டியது போலத் தெரியும், வெந்நீர்ச் சூட்டைத் தாங்காது. அதே அளவில் எல்போ 1, கப்ளர் (இரண்டு பைப்பை நேராக இணைக்கும் துண்டு) 1, யூனியன் (இரண்டு பாதிகளை நட்டால் முறுக்கி இணைப்பது) 1, ஓரடி பைப் போதும்.

யூனியன் எதற்கு என்று கேட்பீர்கள். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். இருபக்கப் பைப்பும் சுவரில் அசையாமல் நிற்கும். கப்ளருக்குள் பைப்பை நேராகத்தான் செருக முடியும். ஒரு பக்கம் செருகினால் மறுபக்கம் நுழையாது. யூனியனின் இரண்டு பாதிகளும் பக்கவாட்டில் வந்து சேரும், அதனால் சிக்கல் இல்லை. அதன் மரையில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், கசிவை அடைப்பது உள்ளிருக்கும் ரப்பர் வளையம்.

வால்வை மூடி, கீழ்மட்டக் குழாயைத் திறந்து தண்ணீரை வடியவிடுங்கள். எல்போவின் இருபுறமும் இரண்டு மூன்று இஞ்ச் விட்டு, ஹேக்ஸா பிளேடால் நேராக அறுங்கள். பிசிறைக் கத்தியால் சுரண்டி, வெளி விளிம்பை லேசாகச் சரித்துவிடுங்கள். கூர்மையாக விட்டால் செருகும்போது சொல்யூஷனை வழித்துத் தள்ளிவிடும். புதுத் துண்டை அளக்கும்போது ஃபிட்டிங்குக்குள் (எல்போ, கப்ளர், யூனியன்) போகும் நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரே கவனம் ஈரம்தான். ஒரு சொட்டு இறங்கினாலும் அந்த இடம் ஒட்டாது. வால்வு முழுதாக மூடாமல் சொட்டிக்கொண்டே இருந்தால், பிரெட்டின் நடுப்பகுதியை உருட்டிப் பைப்புக்குள் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பிறகு கரைந்து வந்துவிடும்; அப்போது குழாய் நுனியில் இருக்கும் சல்லடையை மட்டும் கழற்றி வையுங்கள்.

பைப்பில் சீராகவும் ஃபிட்டிங் உள்ளே மெல்லியதாகவும் சொல்யூஷன் தடவி, கால் சுற்று திருப்பியபடி அடிவரை செருகி, 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஃபிட்டிங் உட்புறம் போகப் போகக் குறுகும். உடனே கையை எடுத்தால் பைப்பை வெளியே தள்ளிவிடும். முதலில் யூனியனின் ஒரு பாதியை ஒரு பக்கச் சுவர்ப் பைப்பிலும், கப்ளரை மறுபக்கச் சுவர்ப் பைப்பிலும் ஒட்டுங்கள். மறுபாதியை எல்போத் துண்டோடு ஒட்டி, எதிர்ப்பக்கம் கப்ளருக்குள் தள்ளும்போதே யூனியன் பாதிகள் நேருக்கு நேர் வந்துவிடும். ஒட்டு இறுகிய பிறகு நட்டைக் கையால் முறுக்குங்கள்.

டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்கு முன்னால் தண்ணீர் விடாதீர்கள். இரவு முழுக்க விட்டால் இன்னும் நல்லது. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வால்வை மெதுவாகத் திறந்து காற்றை வெளியேற்றுங்கள். பிறகு குழாயை மூடி, ஒவ்வொரு ஜாயிண்டிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் பேப்பரில் தெரிந்துவிடும்.