அவள் அப்பாவை எழுப்பியிருக்க வேண்டும்

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. சினைப்பையில் 6 செ.மீ. கட்டி இருப்பதாக இரண்டு மாதம் முன்பு ஸ்கேனில் தெரிந்தது. இந்த மாதம் மூன்று முறை வலது அடிவயிற்றில் திடீரென்று வலி வந்து துடித்தாள், வாந்தியும் எடுத்தாள். ஒரு மணி நேரத்தில் தானாக விட்டுவிட்டது. போன முறை நடுராத்திரி. அவள் அப்பாவுக்குத் தெரியாமல் ஒத்தடம் கொடுத்துத் தூங்கவைத்தேன். மறுபடி ஸ்கேன் எடுத்தால் போதுமா?

பதில்: போதாது. ஸ்கேனுக்கு அப்புறம் வருகிறேன். ‘அவள் அப்பாவுக்குத் தெரியாமல்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது ஏன்? குடல்வால் வலி என்றால் அவரை எழுப்பியிருப்பீர்கள். சினைப்பை என்றதும் மறைக்க வேண்டிய விஷயமாகிவிட்டது. இதே வரியை எத்தனையோ அம்மாக்கள் எழுதிவிட்டார்கள், ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம்தான் வருகிறது. பெற்றவர்கள் இரண்டு பேர். பிள்ளை துடிக்கும்போது ஒருவரைத் தூங்கவிடுவது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை.

கட்டியின் கனத்தால் சினைப்பை தன் காம்போடு முறுக்கிக்கொள்ளும். அந்தக் காம்பு வழியாகத்தான் ரத்தம் போய்வருகிறது. முதலில் வெளியேறும் ரத்தம் தடைபட்டு சினைப்பை வீங்கும். பிறகு உள்ளே போவதும் நின்றுவிடும். 5 செ.மீ.க்கு மேல் கட்டி, ஒரு பக்கத்தில் திடீர் வலி, கூடவே வாந்தி என்றால் இந்த முறுக்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வந்து வந்து விடுகிறது என்றால், முறுக்கு தானாக அவிழ்ந்திருக்கலாம். அடுத்த முறை அவிழும் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்?

சரி, ஸ்கேன். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் ஓட்டம் தெரிந்தாலும் முறுக்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. சந்தேகம் பலமாக இருந்தால் லேப்ராஸ்கோப்பி செய்து, அதாவது வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமராவை விட்டு, நேரில் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள், அப்போதே அவிழ்த்தும் விடுவார்கள். மாத்திரையோ ஒத்தடமோ முறுக்கை அவிழ்க்காது. கருநீலமாகிப்போன சினைப்பைகூட, அவிழ்த்துவிட்டால் பல நேரம் பிழைத்துக்கொள்கிறது. ஆகவே, ‘எடுக்காமல் காப்பாற்ற முடியுமா?’ என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

வலி இல்லாவிட்டாலும் இன்றே பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டோடு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அவள் அப்பாவும் கூட வரட்டும். மறுபடி வலி வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அறுவைசிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அதற்கு முன் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்திலும் அந்த வலி வரலாம். அப்போது அவள் தன் அப்பாவிடம் முதலிலிருந்து விளக்கிக்கொண்டிருக்கும் நிலைமை வரக் கூடாது.