விருந்தாளிக்குப் போட்ட நாற்காலி

அன்புள்ள ஐயா,

24 ஆண்டுகளாக மெல்பர்னில் இருக்கிறேன். பூர்வீகம் காரைக்குடிப் பக்கம். எங்கள் பங்காளிகளின் பொதுவீட்டில் முன்னோர்களைக் கும்பிட நடந்த படைப்புக்கு இந்த முறை பிள்ளைகளோடு வந்திருந்தேன். முகப்பில் எனக்கு மட்டும் ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி, பக்கத்தில் தண்ணீர் பாட்டில். பந்தியில் பரிமாற எழுந்தால், “நீங்க உக்காருங்கண்ணே” என்று வாளியைப் பிடுங்கிவிட்டார்கள். சமையல் முழுக்கக் காண்டிராக்ட். என் ஆத்தா விறகடுப்பில் நின்று பணியாரம் ஊற்றிய இடத்தில் கேஸ் சிலிண்டர் நிற்கிறது. நான் நினைத்து வந்த ஊரும் இல்லை, முறையும் இல்லை. எனக்கு 58 வயது. வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டால் இதெல்லாம் சரியாகுமா?

அன்புடன்,
சி.

அன்புள்ள சி.,

அந்த நாற்காலியைப் பாசத்தில்தான் போட்டிருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பங்காளிக்கு யாரும் நாற்காலி போடுவதில்லை என்பதுதான் சிக்கல். சொத்திலும் பங்கு, செலவிலும் பங்கு, சண்டையிலும் பங்கு என்று இருப்பவன் பங்காளி. அவன் வாசலில் கால் வைத்ததுமே, “ஏன்ப்பா இவ்வளவு நேரம், இலைக்கட்டு எங்கே?” என்றுதான் கேட்பார்கள்.

நான் உங்களைப் போல நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், இல்லை. காரைக்குடியில் படித்த நாளில் நண்பர்கள் வீட்டு வளவில் (முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள உள்கட்டில்) நிறையச் சாப்பிட்டவன், அவ்வளவுதான். அங்கே கேட்ட ‘புள்ளி’ என்ற சொல் உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஞாபகம் வந்தது. கல்யாணம் ஆனவுடன் ஒருவர் கோயில் கணக்கில் புள்ளியாக ஏறிவிடுகிறார், வரி அவர் பேருக்கு விழுகிறது. பர்மாவில் ரங்கூன் முகல் தெருவில் வட்டிக்கடையில் உட்கார்ந்திருந்தாலும் அவர் ஊரில் ஒரு புள்ளி. அந்தக் கடைக்கு ஏஜெண்டாகப் போனவருக்குப் பெரும்பாலும் 3 வருடக் கணக்கு. முடித்ததும் கப்பலேறி வர வேண்டியதுதான். திரும்புவதா வேண்டாமா என்று அவர் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, போகும்போதே திரும்புவதும் பேசப்பட்டிருந்தது. 1942இல் பர்மாவுக்குள் ஜப்பான் படை நுழைந்தபோதும், 1960களில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோதும் வெறுங்கையோடு வந்த செட்டியார்களுக்குக்கூட வளவில் ஓர் அறை பாக்கி இருந்தது. (அப்படி அறை இல்லாமல் வந்து இறங்கிய மற்றத் தமிழர்கள் எத்தனையோ பேர். சென்னை பர்மா பஜார் அவர்கள் போட்ட கடைகள்தான். அது தனியாக எழுத வேண்டிய கதை.)

அந்த அறையை அத்தனை வருடம் யார் பார்த்துக்கொண்டார்கள்? ஊரிலேயே இருந்த ஆச்சிகள். இன்று உங்கள் வாளியைப் பிடுங்கிய அந்தத் தம்பி. ஓடு உடைந்து மழைத் தண்ணீர் சுவரில் இறங்கினால் ஏணி போட்டு ஏறுவது அவர்தான். பத்திரம் என்று வந்தால் மெல்பர்ன், நியூஜெர்சி, சிங்கப்பூர் என்று ஒவ்வொருவர் கையெழுத்துக்கும் அலைவதும் அவர்தான். வீடு போன வருடம் ஒழுகியதா என்று உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

குத்தலாக இருந்தால் மன்னியுங்கள், நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். துபாயில் 9 வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய முதல் வருடம் போகிற வீடெல்லாம் கோழிக்குழம்பு. இரண்டாம் வருடம் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. மோட்டாருக்குக் காயில் கட்டும் செலவில் என் பங்கைத் தர இழுத்தடித்தேன், நான்தான் தண்ணீர் இறைக்கவே இல்லையே என்று நியாயம் வேறு பேசினேன். பெரியப்பா மகன் வரப்பில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினார். தாத்தா கருமாதிக்கு நான் வராததில் ஆரம்பித்து எல்லாம் வெளியே வந்தது. மறுநாள் பணத்தைக் கொடுக்கப் போனேன். மதினி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், எழுந்திருக்கவில்லை. “சட்டியில ரசம் இருக்கு, போட்டுச் சாப்பிடுங்க, எனக்குக் கை வேலையா இருக்கு” என்றார். அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். ரசத்தில் உப்புக் கம்மி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு யாரும் இலை போடவில்லை.

சிலிண்டர் விஷயத்துக்கு வருகிறேன். விறகுப் புகையில் நின்றது நீங்கள் இல்லை, ஆத்தா. அவரைக் கேட்டிருந்தால் காண்டிராக்டரை அன்றைக்கே வரச் சொல்லியிருப்பாரோ என்னவோ. கடிதத்தோடு அனுப்பிய படத்தில் நீங்கள் சாய்ந்து நிற்கும் தூண், பர்மாத் தேக்காகத்தான் இருக்கும். அதைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கியபோது, “நம்ம ஊர் முறை எல்லாம் போச்சு” என்று ஒரு கிழவர் திண்ணையில் முணுமுணுத்திருப்பார் என்றே நினைக்கிறேன். பெரியவர்களை நினைத்துப் புதுத்துணி வைத்துக் கும்பிட இன்னும் ஆள் கூடுகிறதே, அது போதாதா?

ஊரோடு வந்துவிடுவது பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று நீங்கள் எழுதவே இல்லை, முதலில் அவரிடம் பேசுங்கள். அதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தம்பியைக் கூப்பிட்டு, வீட்டுக்கு இதுவரை ஆன செலவில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். “அதெல்லாம் ஒண்ணும் வேணாம்ணே” என்பார். விடாதீர்கள், கணக்கு நோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த படைப்புக்கு நான்கு நாள் முன்னாலேயே போய்விடுங்கள். வளவில் ஒட்டடை அடிக்க ஆள் கிடைப்பதில்லை என்று கேள்வி.