பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது 1978 மார்க் 3 அம்பாசிடர், பெட்ரோல். ஆறு மாதத்துக்கு முன் இடது பக்க எஞ்சின் மவுண்டிங் (எஞ்சினைத் தாங்கும் பிடிமானம்) ரப்பரை மாற்றினேன். அதே ரப்பர் திரும்பவும் கிழிந்துவிட்டது. கிளட்சை விட்டால் 'தடக்' என்று அடிக்கிறது. மட்டமான சாமானா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: சாமானை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்த 1489 சிசி எஞ்சினில் மேனிஃபோல்டும் (காற்றும் புகையும் போய்வரும் குழாய்த் தொகுதி) டேப்பட் (வால்வை இயக்கும் பாகம்) பக்க மூடிகளும் இடது பக்கமே இருக்கின்றன. மூடியின் கேஸ்கெட்டில் (கசிவைத் தடுக்கும் அடைப்பு) கசியும் ஆயில் ரப்பரை ஊறவைத்துக் கூழாக்கிவிடும். போதாததற்கு சைலன்சர் பைப்பின் சூடு, அதன்மேல் வேலூர் வெயில். வண்டி இழுக்கும்போது எஞ்சின் இடது பக்கம்தான் மேலே எழும்பும், அந்தப் பக்க ரப்பர் இழுபடும். முதலில் கசிவை நிறுத்துங்கள்.

இரண்டு பக்க மவுண்டிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். கியர்பாக்ஸ் மவுண்டிங்கையும் பாருங்கள். பழசு அமுங்கியிருக்க ஒன்று மட்டும் புதிதென்றால் எஞ்சின் சாய்ந்து உட்காரும், முழு முறுக்கும் புதியதன் மேல் விழும். கடையில் வாங்கும்போது ரப்பரும் இரும்பும் ஒட்டிய ஓரத்தை நகத்தால் நெருடிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் வேண்டாம். பல வருடம் அலமாரியில் கிடந்த ரப்பரும் இறுகிப்போயிருக்கும்.

பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். எஞ்சினைத் தூக்க ஜாக்கியை அடியிலுள்ள சம்ப்பில் (ஆயில் தொட்டி) கொடுக்க வேண்டும். சம்ப் வெறும் தகடு, ஜாக்கி நேராகப் பட்டால் நசுங்கும். நடுவில் தடித்த பலகை வையுங்கள். எஞ்சினோடு ஃபேனும் எழும்பும். ரேடியேட்டர் பாடியோடு நிற்கும். ஃபேன் அதில் உரசாதபடி இடையில் ஓர் அட்டையைச் செருகுங்கள். ஆக்சிலரேட்டர் இணைப்பும் ஹோஸும் இழுபடுகிறதா என்று பார்த்து, மவுண்டிங் வெளியே வருமளவுக்கு மட்டும் தூக்குங்கள்.

பலர் தவறுவது இனிமேல்தான். புது மவுண்டிங் போல்ட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றுங்கள். ஜாக்கியை இறக்கி, முழு எடையும் உட்கார்ந்தபின் எஞ்சினை இரண்டு மூன்று முறை ஆட்டிவிட்டு, அப்புறம் இறுக்குங்கள். தூக்கிய நிலையிலேயே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். ஒட்டிய இடத்தில் பிய்ந்துவிடும். உங்கள் வண்டியிலும் இதுதான் நடந்திருக்கக்கூடும்.

எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையைக் கழற்றியிருந்தால் மறக்காமல் மாட்டுங்கள். விட்டுவிட்டால் ஸ்டார்ட்டர் கரண்ட் சோக் கேபிள் வழியாகப் பாய்ந்து அதைச் சூடாக்கிவிடும்.

கேள்வி: மவுண்டிங் ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் (ரப்பர் போன்ற பிளாஸ்டிக்) போடலாமா?
– வாசகர், ஆற்காடு

பதில்: வேண்டாம். ஆயிலைத் தாங்கும், ஆனால் இறுக்கம் அதிகம். ஐடிலில் (வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது) அதிர்வு முழுதும் பாடிக்கு வரும்.