தட்டை எடுத்துவிடுங்கள், அது சாப்பிடாது

கேள்வி: உள்ளங்கையைவிடப் பெரிய அந்துப்பூச்சி ஒன்று இரண்டு நாளாக எங்கள் வாசல் சுவரில் அசையாமல் இருக்கிறது. இறக்கை நுனி பாம்புத் தலை மாதிரி இருக்கிறது. சர்க்கரைத் தண்ணீர், பழத்துண்டு எதையும் தொடவில்லை. அடிபட்டிருக்குமா? எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: அடிபட்டிருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது அட்லஸ் அந்துப்பூச்சி. இறக்கையை விரித்தால் 24 செ.மீ. வரை போகும். சர்க்கரைத் தண்ணீரைத் தொடாததற்குக் காரணம், அதற்குக் குடிக்க வாயே இல்லை என்பதுதான். வாயுறுப்புகள் சுருங்கி ஒன்றுக்கும் உதவாமல் போய்விட்டன. புழுவாக இருந்தபோது இரவும் பகலும் இலை தின்று சேர்த்த கொழுப்புதான் இப்போது அதன் மொத்தக் கையிருப்பு. அது ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம் தாங்கும். அசையாமல் இருப்பதும் அந்தச் சிக்கனத்தால்தான்.

இந்தப் பெரும் பட்டு அந்துப்பூச்சிகள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். டசர், எரி, முகா பட்டு தரும் பூச்சிகளும் இந்தக் குடும்பமே. மல்பெரிப் பட்டுப்பூச்சி மட்டும் வேறு குடும்பம்.

சரி, ஆணா பெண்ணா? உணர்கொம்பைப் பாருங்கள். அகலமான இறகு போல விரிந்திருந்தால் ஆண். ஒல்லியான கொம்பும் பருத்த வயிறும் என்றால் பெண். உங்களுடையது பெண் என்றே நினைக்கிறேன். கூட்டை விட்டு வந்த பெண் அதிகம் அலையாது. இருந்த இடத்திலிருந்தே வாசனையைக் காற்றில் விடும், ஆண்தான் தேடி வரும். பிரான்சில் ஃபாப்ரே என்ற இயற்கை ஆய்வாளர் இதே குடும்பத்துப் பெண் பூச்சி ஒன்றைக் கம்பிவலைக் கூண்டில் வைத்தார். அன்று இரவே சுமார் நாற்பது ஆண்கள் வீட்டுக்குள் புகுந்துவிட்டன!

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இரவில் வாசல் விளக்கை அணைத்து வையுங்கள். வெளிச்சத்தில் சிக்கினால் இருக்கும் நாலைந்து நாளும் விளக்கைச் சுற்றியே வீணாகிவிடும். அது திடீரென்று உடம்பெல்லாம் நடுங்கினால் பயப்பட வேண்டாம். வலிப்பு இல்லை, பறக்கும் முன் தசையைச் சூடேற்றுகிறது. கடிக்கவும் கடிக்காது. ஆனாலும் இறக்கையைப் பிடிக்காதீர்கள். விரலில் ஒட்டும் பொடி அதன் செதில், உதிர்ந்தால் திரும்ப முளைக்காது. நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் கால்களுக்கு முன்னால் ஒரு குச்சியை நீட்டுங்கள், தானே ஏறிக்கொள்ளும்.

அப்புறம், சுவரில் மணிமணியாக முட்டை வைத்திருந்தால் சுரண்டாதீர்கள், பசை போட்டு ஒட்டியிருக்கும். ஆணைச் சேராமல் போட்ட முட்டை பொரிக்காது. சேர்ந்திருந்தால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் புழு வரும். அந்தச் சமயத்தில் எலுமிச்சை அல்லது கொய்யாக் கிளை ஒன்றை முட்டையை ஒட்டினாற்போல் சாய்த்து வையுங்கள்.