கத்தி உறை வடிவத்தில் நிற்கவில்லையா? முதலில் தோலைப் பாருங்கள்

கேள்வி: மாந்தோப்பு வேலைக்கு 12 செ.மீ. அலகுள்ள கத்தி ஒன்று வைத்திருக்கிறேன். சோபா தைப்பவரிடம் மிச்சத் தோல் வாங்கி, நன்றாகச் சூடான வெந்நீரில் ஊறவைத்து, கத்தியின் மேல் அழுத்தி உறை செய்தேன். காய்ந்ததும் துணி மாதிரித் தொளதொளவென்று ஆகிவிட்டது. பத்து நாளில் தையலும் அறுந்துபோனது. எங்கே தவறு?

பதில்: உங்கள் கைவேலையில் பெரிய குறை இல்லை, தோல்தான் பொருந்தவில்லை. சோபாத் தோலும் கைப்பைத் தோலும் பெரும்பாலும் குரோமிய உப்பில் பதனிட்டவை. நனைந்து காய்ந்தாலும் நெகிழ்ந்தே இருப்பது அதன் குணம். சோபாவுக்கு அதுதான் வேண்டும், உறைக்கு ஆகாது. உறைக்கு மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் தேவை. கடையில் ‘வெஜ் டேன்’ என்று கேளுங்கள். இது நமக்குப் பழக்கமான தோல்தான். திருச்சி, திண்டுக்கல் பக்கம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் ‘ஈஸ்ட் இந்தியா தோல்’ என்ற பெயரில் கப்பலேறியது. சென்னையில் என்றால் பெரியமேட்டில் விசாரிக்கலாம். ஆட்டுத்தோல் மெல்லியது, வேண்டாம். 3 மி.மீ. தடிமனுள்ள மாட்டுத்தோல் வாங்குங்கள்.

சந்தேகம் இருந்தால் ஒரு விரலகலத் துண்டைக் கொதிக்கிற நீரில் ஒரு நிமிடம் போடுங்கள். பட்டையில் பதனிட்ட தோல் சுருண்டு குறுகிவிடும்; குரோமியத் தோல் அப்படியே கிடக்கும். எரித்துப் பார்க்கச் சொல்பவர்களும் உண்டு. குரோமியம் கலந்த புகையும் சாம்பலும் உடம்புக்குக் கெடுதல், அதைச் செய்யாதீர்கள். வெந்நீர் ஏன் கூடாது என்பதும் இந்தச் சோதனையிலேயே தெரிந்துவிடும். கை பொறுக்கிற வெதுவெதுப்புக்கு மேல் போனால் நல்ல தோலும் வீணாகும்.

தையல் அறுந்த காரணம் வேறு. இரண்டு தோலை நேராக ஒட்டித் தைத்திருப்பீர்கள். கத்தியைச் செருகும்போதெல்லாம் கூர்விளிம்பு நூலில்தான் உரசியிருக்கும். அதனால் கூர்ப்பக்கம் முழுக்க, இரண்டு தோலுக்கும் நடுவே 10 மி.மீ. அகலத்தில் அதே தோலில் ஓர் இடைத்துண்டு வைக்க வேண்டும். தையல் அந்தத் துண்டின் ஊடாகப் போகும், கத்தியின் கூர் துண்டின் விளிம்போடு நின்றுவிடும். இதை விட்டுவிட்டுச் செய்த உறை ஒருநாள் கையைக் கிழிக்கும். அழகில் குறை இருக்கலாம், இதில் கூடாது.

முதலில் காகிதத்தில் வெட்டிப் பாருங்கள். முதுகுப்பக்கம் மடிப்பு, கூர்ப்பக்கம் தையல் என்று வைத்துக்கொண்டு, அலகைச் சுற்றி 15 மி.மீ. கூடுதலாக விடுங்கள். காயும்போது தோல் கொஞ்சம் இழுக்கும், இறுக்கமாக வெட்டினால் கத்தி நுழையாது. இடைத்துண்டை ரப்பர் பசையால் ஒட்டி, விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே குத்தூசியால் துளையிடுங்கள். மெழுகு தடவிய ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போகும்படி தையுங்கள். இப்படித் தைத்தால் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற தையல் பிரியாது. நூல், தையல் நீளத்தைப் போல் நான்கைந்து மடங்கு வேண்டும்.

இனி வடிவம் பிடிக்கும் வேலை. பொறுமை முழுவதும் இங்கேதான் தேவை. தைத்த உறையை நீரில் அமிழ்த்துங்கள். தோலுக்குள் இருக்கும் காற்று குமிழ் குமிழாக வரும். குமிழ் நின்றதும் வெளியே எடுத்து, உடனே அழுத்தாமல் காத்திருங்கள். சொட்டச் சொட்ட நனைந்த தோல் அழுத்திய வடிவத்தைத் தக்கவைக்காது. மேற்பரப்பின் கருமை குறைந்து பழைய நிறம் எட்டிப் பார்க்கும், ஆனால் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும். அதுதான் பதம். கத்தியில் எண்ணெய் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளை இரண்டு சுற்றுச் சுற்றிச் செருகுங்கள். வெறும் இரும்பு படக்கூடாது. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்ந்தால் கறுப்பு மை ஆகிறதல்லவா, ஈரத் தோலில் இரும்பு பட்டாலும் அதேபோல் கறை விழும், கத்தியும் துரு ஏறும். பிறகு கட்டைவிரலாலும் ஸ்பூன் காம்பின் மழுங்கிய முனையாலும் பிடியும் அலகும் சேரும் பள்ளத்தை அழுத்தி அழுத்தித் தேய்த்து எடுங்கள். உறை கத்தியைக் கவ்விப் பிடிப்பது அந்தப் பள்ளத்தில்தான். அலகுப் பக்கம் அவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. நகம் பட்டால் தழும்பு நின்றுவிடும், வெட்டிவிட்டு உட்காருங்கள்.

ஓரிரு மணி நேரத்தில் வடிவம் நின்றதும் கத்தியை மெதுவாக உருவிவிட்டு, நிழலில் காற்றாட விடுங்கள். குறைந்தது ஒரு நாள், மழைக்காலமானால் இரண்டு மூன்று நாள் ஆகும். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் தோல் வெடிக்கும்.

அப்புறம் எண்ணெய். தோல் செருப்புக்கு விளக்கெண்ணெய் போட்டு ஊறவைக்கிற பழக்கத்தில் இதற்கும் ஊற்றிவிடாதீர்கள். செருப்பு நெகிழ வேண்டும், உறை விறைப்பாக நிற்க வேண்டும். வெளிப்பக்கம் தேன்மெழுகைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் போதும்.

வளைந்த அரிவாளுக்கு இந்த மடிப்பு உறை சரிவராது, அலகு உள்ளே திரும்பாது. அதற்கு முதுகுப்பக்கம் திறந்து வார் போட்டுக் கட்டுகிற வகை வேண்டும்.

ஒன்று மட்டும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தோப்பிலிருந்து வந்ததும் கத்தியை உருவித் துடைத்து உறைக்கு வெளியே வையுங்கள். பட்டைத் தோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இரண்டு வாரம் உள்ளேயே கிடந்தால் அலகில் துருப்புள்ளி விழும்.